உள்ளூர் வர்த்தமானம்
(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று பேசுதற்கு நமக்கு அளிக்கப்பட்ட விஷயம் "நம் முன்னோர் பெருமை" என்பது. காரியதரிசி அவர்கள் அதனை அழைப்பிதழிலும் அச்சிட்டுவிட்டார். ஆயினும், அவ்விஷயத்தைக் குறித்துச் சென்ற ஆண்டு ஒருவரும், அதற்கு முந்திய ஆண்டு மற்றொருவரும் இதே மேடையில் விரிவாகப் பேசியிருக்கின்றனர். முன்னோர்களும் அதற்குப் பின்னர்ப் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. ஆகவே, சபையோர் அநுமதித்தால், முன்னோர்களின் பெருமையை விடுத்து அவர்களுடைய அன்றாடக் காரியங்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம். பெருமை என்பது ஆண்டுக்கொருமுறை உடுத்தும் பட்டுப் போன்றது. அன்றாடம் என்பது துவைத்துத் துவைத்து நைந்த வேஷ்டி. ஆளைக் கண்டுகொள்வதற்கு வேஷ்டியே போதும்.

இவ்வெண்ணம் நமக்கு உண்டான விதத்தைச் சொல்லிவிடுகின்றோம். சங்கக் கட்டடத்திற்கு வெள்ளையடிக்கும்பொருட்டு மாடியறையைக் காலி செய்தபொழுது, பழைய சஞ்சிகைகளும், யாரோ ஒரு புண்ணியவான் பசை தடவி ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டுகளும் பதினான்கு கட்டுகள் அகப்பட்டன. கரையான் தன் பங்கை முன்னதாகவே எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சியவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்பது நிர்வாக சபையில் ஒரு கட்சி. அவற்றிலிருந்து பெரியோர்களின் படங்களையும் நன்கொடை விவரங்களையும் மாத்திரம் பொறுக்கியெடுத்து ஒரு மலர் வெளியிடலாம் என்பது மற்றொரு கட்சி. எது தகுதியென்று பார்த்துச் சொல்லும்படி நமக்கு மூன்று மாலைப்பொழுதுகள் கொடுத்தார்கள். மூன்று மாலைகள் மூன்று மாதங்களாயின. வீட்டில் நமக்கு ஏற்பட்ட அவப்பெயரை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

முதலாவது, அக்காலத்து நிருபரைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டணத்துப் பத்திராதிபர் எவரையும் கண்டித்து எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். ஊர் நிருபரின் நிலைமை அத்தகையதன்று. அவர் இன்று எவரைப் பற்றி எழுதுகிறாரோ, அவருடைய கடையிலேயே நாளைக் காலையில் புளியும் மிளகாயும் வாங்கியாகவேண்டும். ஆதலின் அவர் எழுதிய விவாகங்கள் யாவும் "வெகு விமரிசையாக" நடந்தன. பிரசங்கிகள் அனைவரும் "மழை பொழிவதுபோல்" பேசினர். கூட்டங்கள் யாவும் "இனிது நிறைவெய்தின." நாற்காலிகள் பறந்த கூட்டமொன்று நமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கட்டினுள் தேடிப் பார்த்தோம். அதுவும் இனிதே நிறைவெய்தியிருக்கிறது. மெய்யான மழை பெய்தாலோ, "ஜனங்கள் சந்தோஷமடைந்தனர்" என்று ஒரு வரி தவறாமல் வரும். கோடையில் இருமுறை, ஐப்பசியில் பன்முறை நம் ஜனங்கள் இவ்வாறு சந்தோஷமடைந்திருக்கின்றனர். சண்டை சச்சரவுகளில் மட்டும் ஒருவருக்கும் பெயர் கிடையாது. "ஓர் ஆசாமி மற்றோர் ஆசாமியை" என்பதோடு சரி. ஆயினும் அவ்விரு ஆசாமிகளும் யாவரென்று தெருவிலுள்ள குழந்தைக்கும் தெரியும். பரீட்சையில் தேறியவர்களின் ஜாபிதா வெளியாகும். தேறாதவர்களின் ஜாபிதாவைப் படிப்பவர்கள் தாமே தயாரித்துக்கொள்வார்கள்.

இத்துண்டுகளுக்கு மேலே எழுதப்பட்ட விலாசமே ஒரு வேடிக்கை. 1910-ம் ஆண்டுக்கு முன் பிறந்த நம்மவர் யாவரும் திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்தவர்கள். அவ்வாண்டு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாகங்களைப் பிரித்தெடுத்து இராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலூகாவும் அதனுடன் சேர்ந்தது. ஹாலியின் வால்நட்சத்திரம் வானத்தில் தோன்றியதும் அதே ஆண்டில்தான். வால்நட்சத்திரத்தின் பலனாக அரசனுக்கு ஆபத்து என்றார்கள். ஏழாம் எட்வர்டு மன்னரும் மே மாதத்தில் காலமானார். நமக்கு வந்த பலன் யாதெனின், இராமநாதபுரம் ஜில்லாக்காரர்களாகிய நாம், நம் கலெக்டரைக் காணவேண்டின் மதுரைக்குப் போகவேண்டும் என்பதே. ஜில்லா ஓரிடம், அதன் தலைமைக் காரியாலயம் வேறொரு ஜில்லாவில்! புக்ககத்தார் மருமகளைப் பிறந்தகத்திலேயே விட்டுவைத்துக் குடித்தனம் நடத்தியது போன்ற இவ்வேற்பாடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபொழுது நாம் காமராசர் மாவட்டத்தாரானோம். 1997-ல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு விருதுநகர் மாவட்டத்தாரானோம். நம் பாட்டனார் கட்டிய வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை; அவ்வீட்டுக்கு நான்கு ஜில்லாப் பெயர்கள் வந்து போயின. இன்றைக்கும் கலெக்டர் விருதுநகரில், மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்தார் ஆண்டாளைச் சேவிக்கச் சென்றாலும், "என்ன வாய்தா?" என்றே வழியில் கேட்கிறார்கள்.

இருப்புப்பாதை விஷயம் இரண்டாவது கட்டில் வருகிறது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் ரயில் வந்தது. வந்த மறு ஆண்டு முதல் நம் சங்கம் ரயிலைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றத் தொடங்கிற்று. ரயில் வரும் வேளை சரியில்லை. நிற்கும் நேரம் போதாது. பிளாட்பாரம் தாழ்ந்திருப்பதால் ஸ்திரீகளும் வயோதிகர்களும் ஏறமுடியவில்லை. இம்மூன்று அம்சங்களும் வார்த்தை பிசகாமல் பதினொரு ஆண்டுகளின் தீர்மானங்களில் இருக்கின்றன. பிரேரேபித்தவர் காலமாகி, ஆமோதித்தவர் பிரேரேபித்து, அவருடைய குமாரர் ஆமோதித்திருக்கிறார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. இப்பொழுது நாம் நிறைவேற்றும் தீர்மானம், இரயில் வரும் வேளை சரியில்லை என்பது.

1949-ம் ஆண்டுக் கட்டு சற்றுக் கனமானது. அவ்வாண்டு ஏப்ரல் 6-ந் தேதி இராஜபாளையம் ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார்கள். மறு ஆண்டு குடியரசு ஏற்பட்டபின் அப்பதவிக்கு முதல் மந்திரி என்று பெயர் வந்தது. அச்செய்தி வந்த வாரத்தில், அவருடன் ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்தவர்கள் எத்தனை பேர் இரண்டு ஊர்களிலும் வெளிப்பட்டனர் என்பதை எண்ணினால், அந்தப் பெஞ்சி ஒரு கூட்ஸ் வண்டியின் நீளம் இருந்திருக்கவேண்டும். 1952 தேர்தலில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார். உடனே பெஞ்சி வெகுவாகக் குறுகிவிட்டது. 1954-ல் ஒரிஸ்ஸாவின் கவர்னராக அவர் நியமனம் பெற்றபோது மறுபடியும் சற்று நீண்டது. தம்முடைய சொந்த இல்லத்தைக் காந்தி கலைமன்றத்திற்காகப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டவர் அவர். பெஞ்சியில் அமர்ந்தோர் அவ்விஷயத்தில் அவரைப் பின்பற்றியதாக நம் கட்டுகளில் குறிப்பு இல்லை.

அதற்கு முன்னரே, 1942-ல் மதுரையில் தினத்தந்தி தொடங்கிற்று. யுத்தத்தினால் காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அதுவரையில் பத்திரிகையென்பது சுதேசமித்திரனைப் போலவோ தினமணியைப் போலவோ கண்ணாடி அணிந்தவர் திண்ணையில் அமர்ந்து படிக்கும் பொருளாயிருந்தது. தந்தி வந்தபின் கண்ணாடியில்லாதவர்களும் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு க்ஷவரக் கடையில் ஒருவர் உரக்கப் படித்துக் காண்பித்தார். முகத்தில் சோப்பு உலர்ந்தபடி கொலை வழக்கின் தீர்ப்பைக் கேட்டு முடித்த பின்னரே க்ஷவரத்தைத் தொடரச் சொன்னவர்களை நாம் அறிவோம்.

இனி 1957. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா அமலுக்கு வந்தது. ஏப்ரல் முதல் தேதி என்றவுடன் பலர் நம்பவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது நூறு பைசாவாயிற்று. ஆகவே ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவை எவர் கண்டார்? சர்க்கார் ஓர் அட்டவணை கொடுத்தது: ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இதை நம் தாய்மார்கள் ஒரே இரவில் ஆராய்ந்து கரை கண்டுவிட்டார்கள். மூன்றணாவுக்குக் கருவேப்பிலை கொத்தமல்லி ஒருமிக்க வாங்கினால் 19 பைசா. ஓரணா ஓரணாவாக மூன்று தடவை போய் வாங்கினால் 18 பைசாதான். அக்கோடையில் இரண்டு ஊர்களின் கடைத்தெருக்களிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மும்முறை நடந்தார்கள். கடைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். "ஓரணாச் சாமான் தீர்ந்துவிட்டது, மூன்றணாச் சாமான்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதாக நம் சஞ்சிகையின் "சிரிப்பு" பகுதியில் கண்டோம். ஒரு பைசாவுக்காகப் பஸ்ஸில் உண்டான தர்க்கத்தினால் வண்டி இரண்டு ஊர்களுக்கும் நடுவழியில் நின்றுவிட்டதென்றும், இறங்கி நடந்தவர்கள் முன்னதாக வீடு சேர்ந்தார்களென்றும் அருகிலேயே ஒரு குறிப்பு. நமக்கும் அந்த பஸ்ஸில் போன ஞாபகமுண்டு. எவர் பக்கம் பேசினோம் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

1979 ஜூலை மாதத்தில் ஸ்கைலாப் விழுந்தது. அமெரிக்கர் ஆகாயத்தில் விட்டிருந்த கூடம் பூமியில் எங்கே விழுமென்று அவர்களுக்கே தெரியாதாம். நம்மவருக்குத் தெரிந்திருந்தது: தத்தம் வீட்டுக் கூரையின்மேல். சாகப்போகும் வேளையில் சேவலை எதற்கு வைத்துக்கொள்வதென்று அறுத்து உண்டார்கள். வசூலாகாதிருந்த கடனைச் சிலர் மன்னித்தார்கள். அது இந்து சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாகத்திலுமாக விழுந்துவிட்டது என்று செய்தி வந்ததும், மன்னித்த கடனைத் திரும்பக் கேட்டதில் மூண்ட சச்சரவு மறு மாதச் சஞ்சிகையில் "ஓர் ஆசாமி மற்றோர் ஆசாமியை" என்று வருகிறது. 1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடித்தார். பால்கோவாவுக்குப் பெயர்போன ஊரில் பால் எவ்வழிச் செலவானாலும் அது செய்தியன்றோ! அன்றைக்குக் காய்ச்சுவதற்குப் பால் போதாமல் அடுப்பண்டை உட்கார்ந்திருந்த ஒருவர், "அவருக்குக் கொழுக்கட்டைதானே வழக்கம்?" என்று வருத்தப்பட்டாராம். அந்தப் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கெங்கோ கிண்டப்பட்டு எல்லா பஸ் நிலையங்களிலும் நம் ஊர்ப் பெயரைச் சூடி நிற்கும் பெட்டிகளுக்கு இச்செய்தி இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை. இராஜபாளையத்தாருக்கும் குறையொன்றுமில்லை, 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ஒன்று இராஜபாளையம் நாய். தலைமுறை தலைமுறையாகத் தபால்காரர்களைத் துரத்திய வெள்ளை நாயைத் தபால்காரரே வீடுவீடாகச் சுமந்து விநியோகித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் செய்தியோ தனி ரகம். ஆடிப்பூரத் தேர் இக்காலத்தில் இரும்புச் சக்கரங்களும் நவீனத் தடைகளும் பெற்று ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுகிறது. மரச் சக்கரக் காலத்தில் சுற்றுவட்டத்துக் கிராமத்தார் யாவரும் வந்து வடம் பிடித்தும் பல நாட்கள் ஆகும். ஆகவே பத்திரிகைகளில் தேரின் சமாசாரம், படுக்கையிலுள்ள பெரிய மனிதரின் தேகநிலையைப் போல வந்துகொண்டிருக்கும்: இன்று சற்று நகர்ந்தது; இன்று அசையவில்லை; மூலையில் திரும்பிற்று. தேரை ஓட்டுவதைவிடக் கஷ்டமானது அதன் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுதல். ஒரு விரற்கடை பிசகினால் வீட்டுச் சுவரில் போய் நிற்கும். நம் நிர்வாக சபையிலும் அவ்வித்தையில் தேர்ந்தவர்கள் சிலர் உண்டென்பதை அன்போடு தெரிவித்துக்கொண்டு மேலே செல்கின்றோம்.

ஏனெனில், முட்டுக்கட்டை விழுந்த இடம் இனித்தான் வருகிறது. யுத்தத்திற்கு முந்திய கட்டொன்றில் நம் சங்கம் வெட்டிய கிணற்றைப் பற்றி அரைப்பக்கச் செய்தி உள்ளது. திறப்பு விழா, மாலை மரியாதை, சந்தனம், நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் முறையாக இருக்கின்றன. முடிவில் ஒரு வாக்கியம்: அன்று முதல் சகல ஜனங்களும் தண்ணீர் எடுத்துச் சுகமடைந்து வருகின்றனர் என்று. மலருக்கு ஏற்ற செய்தியென்று நாம் நிர்வாக சபையில் இதனைப் படித்தோம். யாவரும் மகிழ்ந்தனர். மூலையில் அமர்ந்திருந்த நம் பெரியவர் ஒருவர், தொண்ணூறு வயதைக் கடந்தவர், அதுவரை உறங்குகிறாரென்று நாம் நினைத்திருந்தவர், கண்ணைத் திறவாமலே கேட்டார்: "சகல ஜனங்களும் என்றால் யார் யார்?"

ஒருவரும் பேசவில்லை. அவரே சொன்னார். அக்கிணற்றைத் தோண்டியவர்கள் ஊருக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். ஊற்றுக் கண்டதும் முதலில் அத்தண்ணீரில் நனைந்தவர்களும் அவர்களே. படிக்கட்டும் சுற்றுச்சுவரும் எழுந்தபின் அவர்களுடைய பெண்டிர் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றும்வரையில் காத்திருந்தார்கள். "எங்கள் அம்மை ஊற்றுவாள், நான் பார்த்திருக்கிறேன். உயரத் தூக்கித்தான் ஊற்றுவாள்" என்றார். அவ்வளவே சொன்னார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நாம் வீட்டுக்கு வந்து 1939-ம் ஆண்டுக் கட்டை அவிழ்த்தோம். அவ்வாண்டு ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் வைத்தியநாதையர் அவர்கள் தலைமையில் ஹரிஜன சகோதரர்கள் பிரவேசித்தார்கள். தேசமே பேசிய செய்தி. மதுரையோ நமக்கு அண்டை ஊர். கலெக்டரும் அங்கேதான் இருந்தார். அம்மாதத்து நம் சஞ்சிகையில் ஆடி மாத விருந்துக்கு இலை ஒன்றுக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற விவரம் முக்கால் பக்கத்துக்கு இருக்கிறது. மதுரைச் செய்தி ஒரு வரியும் இல்லை. இதுகாறும் நிருபர் எழுதியவற்றைப் படித்துச் சிரித்துவந்த நாம், அவர் எழுதாமல் விட்டதைக் கண்டு சிறிது நேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. கிணற்றுச் செய்தியை மலரில் சேர்க்கவே வேண்டாம் என்றனர் சிலர். சேர்க்கலாம், அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்றனர் வேறு சிலர். பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று ஒருவர் கேட்டார். புண் எவருடையது என்பதைப் பொறுத்தது அது என்று இளைஞர் ஒருவர் சொன்னார். பெரியவர்கள் அவரை அதட்டினார்கள். பதில் மட்டும் கூறவில்லை. நம்முடைய அபிப்பிராயம், செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டு, அதன் கீழேயே பெரியவர் சொன்னதையும் அச்சிடவேண்டும் என்பது. அப்படியே தீர்மானமாயிற்று, ஒரு வாக்கு அதிகத்தில். அந்த ஒரு வாக்கு அப்பெரியவருடையது. கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

கட்டுகளை எடைக்குப் போடும் யோசனை இப்போது கைவிடப்பட்டது. தகரப் பெட்டியொன்று வாங்கி, வேப்பிலையும் வசம்பும் இட்டு வைத்திருக்கிறோம். சில ஆண்டுகளின் சஞ்சிகைகள் நம்மிடம் அறவே இல்லை. அவை நம்மவர் இல்லங்களில் பரணிலோ, படத்தின் பின்புறத்திலோ, அலமாரித் தட்டிலோ விரிப்பாக இருக்கக்கூடும். கொண்டுவந்து கொடுத்தால் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். முறுக்குப் பொட்டலமாய் இருப்பினும் பரவாயில்லை. முறுக்கை மாத்திரம் தின்றுவிட்டுக் கொண்டுவரலாம்.

இவ்வாறு சென்ற மாதம் நாம் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு, முதியதோர் அம்மையார் தம்முடைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். சேலைகளின் கீழ் எத்தனையோ ஆண்டுகள் கிடந்து, ரசகற்பூர வாசனையோடு மஞ்சளித்துப் போயிருந்தது. அதில் பெண் குழந்தைகளின் பாடசாலைக்குத் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த ஒருவரைப் பாராட்டிய செய்தி இருந்தது. பெயரில்லை; இன்னாருடைய பாரியாள் என்று மட்டும் இருந்தது. நம் பதினான்கு கட்டுகளிலும் அப்படியே. கணவர்மார் பெயர் பெற்றிருக்கிறார்கள். பாரியாட்கள் சங்கிலி கொடுத்திருக்கிறார்கள். "இது எங்கள் அம்மா" என்றார் அந்த அம்மையார். பெயர் என்னவென்று நாம் குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். அவர் அதை வாங்கவில்லை. பென்சிலை மாத்திரம் வாங்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, அந்த மஞ்சள் தாளிலேயே, பாரியாள் என்ற சொல்லுக்கு மேலே சிறிது இடமிருந்ததே, அங்கே, நிதானமாக, தம் தாயாரின் பெயரை எழுதினார்.